மல்லிகைக்கு ஆகாத ஈரம்

செடி வாடியிருந்தால் நம் கை முதலில் வாளியைத் தேடுகிறது. நம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது ரத்தத்தோடு வந்த பழக்கம். தண்ணீர் ஊற்றுவதும் ஒரு தப்பாக இருக்கக்கூடும் என்பது புதுக்கோட்டைச் சீமைக்காரன் மனதில் லேசில் ஏறாது. எனக்கும் ஏறவில்லை.

பிள்ளைகளே, இப்போது தோட்ட வேலைக்கு வந்திருக்கிற உங்களில் சிலர் நான் பெற்றவர்கள், சிலர் என்னோடு வேலை பார்த்தவர்கள் பெற்றவர்கள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. எரு வைப்பது, கவாத்து பண்ணுவது, பூச்சி பார்ப்பது இதெல்லாம் செய்யச் செய்யக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதை எழுதி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன். நாலாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஈரம் தங்குகிற மண்ணில் என்ன செடி வைக்கலாம் என்று நம் சின்னவன் கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் செடியின் பேர் மட்டும்தான் மனதில் நிற்கும். செடியின் பேரை மட்டும் தெரிந்துகொண்டு வேலைக்குப் போய் நின்றால் எப்படி விழிப்போம் என்பதற்காகத்தான் மீனாள் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி. சமஸ்தான காலம். ஊருக்குள் சில வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருக்கோகர்ணத்தில் ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே ஒரு வீடு. வீட்டில் மூன்று பேர்தான். சர்க்கார் கச்சேரியில் எழுத்தர் வேலை பார்க்கிற ஒரு இளைஞன், அவன் அம்மா, அவன் மனைவி மீனாள். மீனாளுக்குப் பிறந்த ஊர் கறம்பக்குடிப் பக்கம். கல்யாணமாகி வரும்போது அவள் அம்மா ஒரு மல்லிகைப் பதியனை மண்ணோடு ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டுக் கொல்லையில் எந்த இடம் குளுமையாக இருக்கிறது என்று பார்த்து, தாழ்ந்த மூலையில் மருமகளுக்காக அதை நட்டவர் மாமியார்தான். கோடையில் செடி தவிக்கக் கூடாது என்கிற நல்ல எண்ணம். சுற்றிலும் வட்டமாகப் பாத்தி, பாத்திக்கு உயரமான வரப்பு. நம் ஊரில் வேறு எப்படி நடுவோம்?

செடி நன்றாகத்தான் வந்தது. இரண்டு கோடை பூத்தது. அதற்குள் மீனாளின் அம்மா இறந்துபோனார். அப்பாவும் முன்பே இல்லை. அப்புறம் மீனாள் உண்டானாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். போவதற்கு வீடு இல்லை. கொல்லையில் நின்ற மல்லிகைதான் அவளுக்குத் தாய்வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. பல வருஷமாகப் பாதிகூட நிரம்பாத கண்மாய் நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கலுங்கில் வழிந்தது. ஜனங்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கார்த்திகை பிறந்து சில நாளில் அந்த எழுத்தர் தம்பி நான் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து நின்றான்.

"அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வந்துட்டுப் போகணும். மல்லிகை வாடுது."

"மழைக்காலத்துலயா?"

"அதாண்ணே புரியல. நாங்களும் தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்துட்டோம்."

போனேன். எலும்பும் தோலுமான ஒரு ஆளைப்போல நின்றது செடி. இலையெல்லாம் மஞ்சள். கொழுந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தது. பாத்தி நிறையத் தண்ணீர் நின்றது. மீனாள் செம்போடு நின்றாள். ஆறு மாத வயிறு.

"காலையில ஒரு குடம் ஊத்துறேண்ணே. எலை நிமிரவே மாட்டேங்குது," என்றாள்.

"ஒரு குடமா? நான் குளிச்சிட்டு ரெண்டு வாளி ஊத்திட்டுத்தானே கச்சேரிக்குப் போறேன்," என்றான் புருஷன்.

மாமியார் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "அரிசி கழுவுன தண்ணிய நான் தெனமும் அதுக்குத்தான் ஊத்துறேன். சத்துல்ல!"

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "நானும் போறப்ப வாரப்ப ஒரு செம்பு ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன், பாவம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மீனாளின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

நான் உட்கார்ந்து கையை மண்ணுக்குள் விட்டேன். சில்லென்று இருந்தது. எடுத்து முகர்ந்தால் எருமை கிடந்த குட்டை வாடை. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். அவித்த கடலைத் தோல்போல மேல்தோல் கழன்று கையோடு வந்தது. கண்மாய் நிரம்பியதால் கரைக்கு அடியில் கசிந்து வருகிற நீர் அந்தத் தாழ்ந்த மூலைக்குக் கீழே வந்து தங்கியிருக்கிறது. அதற்கு மேல் இந்த வீட்டார் பிரியத்தோடு ஊற்றியது. வேருக்கு மூச்சு முட்டிவிட்டது. மூச்சு முட்டின வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால் மேலே இலை தாகத்தில் வாடுகிறது. இவர்கள் வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறார்கள். காய்ந்து வாடுகிற செடிக்கும் நனைந்து வாடுகிற செடிக்கும் முகம் ஒன்றுதான், பிள்ளைகளே. வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் முதலில் கையை விடச் சொல்கிறேன்.

நான் எழுந்து மண்வெட்டியால் பாத்தி வரப்பைத் தட்டிவிட்டேன். தேங்கிய தண்ணீர் சலசலவென்று வெளியே ஓடியது.

மாமியார் அகப்பையோடு ஓடி வந்தார். "ஏம்ப்பா! தண்ணியத் தொறந்து விடுறியே, ஒனக்கு என்ன கிறுக்கா? சித்திரையில வந்து ஒரு செம்பு கேட்டா நீயா குடுப்ப?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாழ்நாள் முழுக்க ஊருணியில் வரிசையில் நின்று குடம் நிரப்பியவர். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். எனக்கே கொஞ்சம் எரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. புருஷன் பாதி நம்பினான். மீனாள் மட்டும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொழைக்குமாண்ணே?"

இந்தக் கேள்விதான் நம் தொழிலில் ரொம்பக் கஷ்டமானது. கேட்பவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தோன்றும். "தெரியாது தாயி. தோண்டி எடுத்து, அழுகின வேரை நறுக்கி, கிளையைப் பாதியாக் கழிச்சு, மேட்டுல வச்சா ஒருவேளை பொழைக்கும்," என்றேன்.

"தோண்டுறதா? நறுக்குறதா?" மாமியார் எனக்கும் செடிக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். "வயித்துப் பிள்ளைக்காரி இருக்குற வீட்டுல பச்சையில கத்தி வைக்கக் கூடாது. என் மகனும் வைக்க மாட்டான். என் வீட்டுக் கொல்லையில நின்னு நீயும் வைக்கப்பிடாது."

"ஆத்தா, செடி செத்துப் போகும்."

"போனாப் போகட்டும்."

மீனாளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. பழைய காலத்துப் பேச்சு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அவரே பேசினார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. இவனுக்கு முந்தி. ஏழு மாசத்துல, கொல்லையில நின்ன முருங்கைய எங்க மாமனார் வெட்டினாக. அந்த வாரமே எல்லாம் போயிருச்சு. முருங்கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லேம்பீக. இருக்காதுதான். ஆனா இன்னொருக்கா என்னால அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியாதுப்பா."

அந்த மகனுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

நான் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கையில் வேலை தெரிந்தவன் ஒருவன் அந்த அம்மாளை ஒதுக்கிவிட்டுச் செடியைத் தோண்டியிருக்கலாம். புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சம்மதம் வாங்கியிருக்கலாம். செடி பிழைத்தே போயிருந்தாலும், பிரசவம் முடிகிற வரைக்கும் அந்த மாமியார் ஒருநாள் நிம்மதியாகச் சோறு தின்றிருக்க மாட்டார். மீனாளுக்கு லேசாக இடுப்பு வலித்தால்கூட எல்லாரும் கொல்லையைத்தான் பார்ப்பார்கள். தோட்டம் அந்த வீட்டாருடையது. அதில் நடமாடப் போகிறவர்கள் அவர்கள். செடியைக் காப்பாற்றிவிட்டு வீட்டாருக்குள் மனஸ்தாபம் மூட்டுவது தோட்ட வேலை ஆகாது.

கத்தி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று யோசித்தேன். பக்கக் கிளை ஒன்று இன்னும் பச்சையாக இருந்தது. அடியில் துளையிட்ட ஒரு மண்தொட்டி கேட்டேன். செங்கல்லை அடுக்கி, தொட்டியை ஈரத்துக்கு மேலே உயர்த்தி வைத்து, மணலும் செம்மண்ணும் மக்கின எருவும் கலந்து நிரப்பினேன். கிளையை அறுக்காமல் வளைத்து அந்த மண்ணுக்குள் படுக்க வைத்து, மேலே ஒரு கல்லைப் பாரமாக வைத்தேன். புதைகிற இடத்தில் தோலைக் கொஞ்சம் நீக்கினால்தான் அங்கே வேர் விடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.

மாமியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நகம் கத்தியில சேராதா?"

"வெத்தலைக் காம்பைக் கிள்ளுறீங்கள்ல ஆத்தா? அது மாதிரிதான்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, கிள்ளு. ஆழமாக் கிள்ளாத."

இனிமேல் பழைய செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லாரிடமும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மாளிடமும் சொன்னேன். தொட்டிக்கு மட்டும், விரலை விட்டுப் பார்த்து மண் உலர்ந்திருந்தால் ஒரு கை நீர். மீனாள் தலையாட்டினாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

"தண்ணி ஊத்தாம அது பக்கத்துல போயி எப்படிண்ணே நிக்கிறது? காலையில எந்திரிச்சா கால் தானா அங்கிட்டுத்தான் போகுது."

"பழுத்த எலைய மட்டும் பொறுக்கிப் போடு தாயி," என்று சொல்லிவிட்டு வந்தேன். அது செடிக்கு ஒன்றும் செய்யாது. அவளுக்குச் செய்யும் என்று தோன்றியது.

அந்த மூலையில் பிற்பாடு என்ன வைப்பது என்கிற பேச்சு மார்கழியில் வந்தது. எழுத்தர் தம்பிக்கு ரோஜா ஆசை. ரயிலில் பெங்களூரிலிருந்து கூடையில் வரும் ரோஜாக் கன்றுகளை எங்கோ ஒரு பங்களாவில் பார்த்திருக்கிறான்.

"ஈரமாத்தானே இருக்கு, ரோஜா வச்சா என்னண்ணே?"

"மல்லிகைக்கு முட்டின மூச்சு ரோஜாவுக்கு முட்டாதா தம்பி?"

அவனைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குக் கீழே ஓடுகிற வாய்க்கால் ஓரமாக நடந்தேன். ஈர மண்ணுக்குச் செடி தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரும் நடாமல், யாரும் பார்க்காமல் அங்கே எது கொழுத்து நிற்கிறதோ அதுதான் அந்த மண்ணுக்கு உறவு. தண்ணீருக்குள்ளேயே காலை விட்டுக்கொண்டு சேம்பு நின்றது. விளிம்பில் பொன்னாங்கண்ணி. கொஞ்சம் மேலே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் குடித்தே வளர்ந்ததுபோல ஒரு கல்வாழைப் புதர், சிவப்பும் மஞ்சளுமாக. கரைச் சரிவில் நொச்சி. தூரத்தில் தாழம்புதர்.

"தாழம்பூ வைப்போம்ணே. வாசமா இருக்கும்."

"அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவன் வீட்டில் போய்க் கேட்டான். நானும் கூட இருந்தேன். "வை, வை," என்றார் மாமியார். "பாம்புக்கு ஒரு தொட்டிலும் கட்டி வை. பிள்ளையோட சேந்து வெளையாடட்டும்." தாழை அதோடு போயிற்று.

அந்த அம்மாளிடம் நான் வேறொன்று கேட்டேன். "கோடையில இந்த மூலை எப்படி ஆத்தா இருக்கும்?"

"எப்படி இருக்கும்? கண்மாய் வத்திட்டா இதுவும் வத்திரும். போன வருசம் வெடிப்புக்குள்ள என் சாவிக்கொத்து விழுந்து, குச்சிய விட்டு எடுத்தேன்."

இதைக் கேட்காமல் செடி வைத்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். மலையாளத்துப் பக்கம் ஈரம் என்றால் வருஷம் முழுக்க ஈரம். நம் சீமையில் கார்த்திகையில் சேறாக இருக்கிற மண் வைகாசியில் ஓட்டாஞ்சில்லாகக் கிடக்கும். சேம்பு வைத்தால் கோடையில் சுருண்டுவிடும். மழைக்கும் மூழ்காமல், வெயிலுக்கும் சாகாமல் இருக்கிற செடிதான் நமக்கு வேண்டும். கல்வாழை தாங்கும், மேலே கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்துகொள்ளும். வெட்டிவேர் இரண்டையும் தாங்கும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும். நொச்சி எதையும் தாங்கும், வேலி ஓரத்தில் ஒதுங்கியும் நிற்கும். பொன்னாங்கண்ணியை ஈரம் இருக்கிற வரைக்கும் கிள்ளித் தின்ன வேண்டியது. சின்னவன் கேட்டதற்குப் பதில் இதுதான். ஆனால் ஒரு இடம் எப்போது நனைகிறது என்பதோடு எப்போது காய்கிறது என்பதையும் அங்கே குடியிருப்பவரைக் கேட்ட பிறகுதான் இந்தப் பேர்களுக்கு அர்த்தம்.

எதையும் அப்போது நடவில்லை. பழைய மல்லிகை உயிரோடு நிற்கும்போது அந்த மூலையில் வேறு செடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவும் இல்லை.

பொங்கல் கழிந்து சில நாளில் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் பழைய செடியின் அடித்தண்டு கறுத்துவிட்டது. அழுகல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் வளைந்து போகிற கிளையிலும் அடிப்பக்கம் கறுப்புத் தெரிந்தது. மேலே இருந்த கல்லை நகர்த்தி, மண்ணை மெதுவாக விலக்கிப் பார்த்தேன். வெள்ளை நூல்போலச் சில வேர்கள். அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் கவலையில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் கறுப்பு தொட்டியை எட்டிவிடும். இப்போதே அறுத்தால் இருக்கிற கொஞ்ச வேரை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் நிச்சயம் சாவு.

நம் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் எப்போதாவது வரும். இரண்டு பக்கமும் நஷ்டம் தெரியும். அப்போது இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று சொல்லத் தோன்றும். அது பொறுமையைப்போலத் தெரியும். கறுப்பு நம் பொறுமைக்காக நிற்காது. நான் சொல்லிவிட்டேன். "இன்னைக்கே அறுக்கணும்."

மாமியார் என்னையும் பார்த்தார், மீனாளையும் பார்த்தார். மாதம் நெருங்கிவிட்டது. முகமெல்லாம் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மீனாள், "வேணாம்ணே," என்றாள். "அத்தை பயப்படுறாக. விட்டுருங்க. போனாப் போகட்டும்."

நான் முதலில் போன அன்றைக்கு மாமியார் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இவள் அதைச் சொன்ன விதம் வேறு. மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்காக இவள் தன் அம்மாவை விட்டுக்கொடுக்கிறாள் என்பது அந்த அம்மாளுக்கு நன்றாகப் புரிந்தது.

அந்த நேரத்தில்தான் மருத்துவச்சி வந்தார். வாரத்துக்கு ஒருதரம் மீனாளின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர். வாட்டசாட்டமான அம்மாள், வாய் நிறைய வெற்றிலை.

"என்ன எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீக?"

மாமியார் விஷயத்தைச் சொன்னார். மருத்துவச்சி தொட்டியை எட்டிப் பார்த்தார். கிளையைப் பார்த்தார். "இதென்ன, தொப்புள்கொடியோட கெடக்கு?" என்றார்.

மாமியார் சட்டென்று நிமிர்ந்தார். கிளையையும் மருத்துவச்சியின் இடுப்புப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏடி, வயித்துப் பிள்ளைக்காரி வீட்டுல கத்தி வைக்கக் கூடாதும்போம். ஒன் கத்தி?"

"என் கத்தி வைக்காம எந்த வீட்டுலடி பிள்ளை பொறந்துச்சு?"

"அப்ப நீ வச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் வச்சு இந்த ஊருல எத்தனை நடமாடுதுன்னு போய்ப் பாரு. ஒன் மகனும் அதுல ஒண்ணுதான், இந்தா நிக்கிறான் பாரு, தென்னமரம் மாதிரி." மகன் வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் நகர்ந்தான்.

"அப்ப நீயே வை," என்றார் மாமியார்.

மருத்துவச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, வெந்நீர் கேட்டுக் கழுவினார். செடிக்கு எதற்கு வெந்நீர் என்று நான் கேட்கவில்லை. எங்கே அறுக்க வேண்டும் என்று விரலால் காட்டினேன், கறுப்புக்கு இந்தப் பக்கம், பச்சை இருக்கிற இடத்தில். மாமியார் மீனாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒரே இழுப்பு. தொட்டி தனியாக நின்றது.

"பொறந்த பிள்ளை அழலையே," என்றார் மருத்துவச்சி தொட்டியைப் பார்த்து. மீனாள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொட்டியை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினேன். மேல் இலைகளில் பாதியைக் கிள்ளிப் போட்டேன். கொஞ்ச வேரால் அத்தனை இலைக்குத் தண்ணீர் அனுப்ப முடியாது. சில நாள் அந்தக் கிளை துவண்டே கிடந்தது. அந்த வழியாகப் போகிற வேலை இல்லாத நாளிலும் நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒருநாள் ஒரு கணுவில் கடுகு மாதிரி ஒரு துளிர். மீனாளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினால், அவள் எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள். கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கண்டுபிடிக்கிறேனா என்று.

மாசி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம்.

பங்குனியில், தீட்டெல்லாம் கழிந்த பிறகு, அந்த மூலையை ஒழுங்கு பண்ணக் கூப்பிட்டார்கள். கண்மாயில் இன்னும் தண்ணீர் இருந்ததால் மண்ணும் ஈரமாகவே இருந்தது. நடுவதற்கு வெட்டிய நொச்சிப் போத்துகளும் வெட்டிவேரும், வாய்க்கால் ஓரத்திலிருந்து எடுத்த கல்வாழைக் கிழங்குகளும் கொண்டுபோயிருந்தேன். ஆனால் நடுவில் பழைய மல்லிகையின் காய்ந்த குச்சி நின்றது. அதில் நான் கை வைக்கவில்லை. சுற்றிலும் மண்ணைக் கொத்திக்கொண்டு, மீனாள் வெளியே வருகிற வரைக்கும் பொழுதை ஓட்டினேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குச்சியைப் பார்த்தாள்.

"எடுத்துருங்கண்ணே."

பிடித்து இழுத்தேன். ஒரு பலமும் வேண்டியிருக்கவில்லை. வேரே இல்லாமல் கையோடு வந்தது. அவள் பார்க்க வேண்டாமென்று முதுகுப் பக்கம் மறைத்தேன்.

"காட்டுங்க," என்றாள்.

காட்டினேன். கறுத்துப் போன அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கம்மாவுக்கும் ஈரம் சேராது. மழைக்காலம் பூரா அடுப்படியிலயேதான் உக்காந்திருக்கும். இதை இங்கிட்டுக் கொண்டாந்து நிக்க வச்சிருந்தோம் பாருங்க." அழவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்: "இந்தக் குழியில என்ன வைக்கப் போறீங்க?"

பிள்ளைகளே, ஒரு செடி செத்த இடத்தைப் பார்த்து வீட்டுக்காரர் இப்படிக் கேட்டுவிட்டால் நம் வேலை பாதி முடிந்தது. அதற்கு முன்னால் நாமாகப் போய்க் குழியை நிரப்பக் கூடாது.

"கல்வாழை வைக்கலாம் தாயி. செவப்பும் இருக்கு, மஞ்சளும் இருக்கு."

"மஞ்சள் வைங்க."

"செவப்பு வைக்கச் சொல்லு," என்றார் மாமியார், பின்னாலிருந்து. "பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. செவப்புத்தான் லட்சணம்."

"அத்தே, மஞ்சள்தான் அழகு."

"நட்டதும் நான், பொத்திக் காத்ததும் நான். செவப்பு!"

"நட்டு வச்ச எடத்தப் பாத்தோம்ல!"

நான் கொத்துவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். அதற்குள் குழந்தை வீரிட்டது. இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே ஓடினார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல் "மஞ்சளே வைங்கண்ணே!" என்றது. இன்னொரு குரல் "செவப்பு!" என்றது.

இரண்டு கிழங்கையும் ஒரே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினேன்.